ஊரைப் படிக்கும் படிப்பு: யாழ்ப்பாணத்தாரும் சமூகவியலும்

சென்ற ஆண்டு நம்மூர்க் கோயிலிற் கொடியேறுவதற்குச் சில நாட்களின் முன், மன்றத்து இளைஞர் ஒருவர் கையிலே கொப்பியும் பேனையுமாய்த் தேர்முட்டியடிக்கு வந்தார். பல்கலைக்கழகத்திலே சமூகவியலைச் சிறப்புப் பாடமாகப் பயில்பவர்; இறுதியாண்டு ஆய்வுக் கட்டுரைக்கு விடயந் தேடிக்கொண்டிருந்தவர். அங்கே சால்வையை விரித்து இளைப்பாறிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரை அணுகி, "அப்பு, எங்கட கோயில் பத்துத் திருவிழாவும் ஆர் ஆற்ற?" என்று கேட்டார்.

முதியவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கொடியேற்றம் இன்னார் பரம்பரை, வேட்டைத் திருவிழா இன்னார், சப்பறம் இன்னார், தேர் இன்னார், தீர்த்தம் இன்னார் என்று விரல் மடித்து ஒப்புவித்தார். எந்தத் திருவிழா எவருடைய பாட்டன் காலத்திற் கைமாறியது, எது வழக்கினாற் பிரிந்தது என்பவற்றையும் இடையிடையே சொன்னார். இளைஞர் ஒன்றும் விடாமல் எழுதிக்கொண்டார். பின்பு தலையை நிமிர்த்தி, "தேர் இழுக்க வாற ஆக்கள் கனபேர் இந்தப் பட்டியலிலை இல்லையே அப்பு, அது ஏன்?" என்று இன்னொரு வினாவையும் போட்டார்.

"தம்பி, நீ யூனிவேர்சிற்றிக்குப் படிக்கப் போனனியோ, ஊரைப் பிரிக்கப் பழகப் போனனியோ?" என்று கேட்ட முதியவர், சால்வையை உதறித் தோளிற் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அன்றிரவு மன்றத்திலே இதுவே பேச்சாயிற்று. சிரித்தவரும் உண்டு; சினந்தவரும் உண்டு. நமக்கோ அவ்விருவர் மீதும் அன்பு. முதியவரின் கோபம் விளங்காத கோபமன்று. இளைஞரின் கேள்வியும் குறும்புக் கேள்வியன்று. இப்படிப்பு நம் நாட்டுக்கு எவ்வாறு வந்தது, யாழ்ப்பாணத்தை அது எப்போது எட்டிப் பார்த்தது, அதற்கு நாம் என்ன முகங் காட்டினோம் என்பவற்றை ஒருமுறை வரிசைப்படுத்திப் பார்த்தல் நன்றென்று தோன்றியது. இக்கட்டுரை அதன் விளைவு.

உண்மையிற் சமூகவியல் என்னும் பெயர் புதிதேயன்றிச் செயல் நமக்குப் புதிதன்று. புதிதாய் ஒரு பெடியன் ஒழுங்கையால் நடந்து போனால், "தம்பி, நீ ஆற்ற பிள்ளை?" என்று கேளாத கிழவி யாழ்ப்பாணத்தில் உண்டோ? விடை கிடைத்த மாத்திரத்தே தாய்வழி, தந்தைவழி, பெண் கொடுத்த இடம், எடுத்த இடம், காணி எந்தக் குறிச்சி, கோயில் எது என்பன யாவும் அவர் மனத்திலே தாமே விரிந்துவிடும். மேனாட்டார் நீண்ட காலம் பயின்று வரையும் உறவுமுறைப் படத்தை நம் ஆச்சிமார் பாக்குவெட்டியைக் கீழே வையாமலே வரைந்து முடிப்பர். ஆயின் அவர்கள் அதனை எழுதி வைத்தாரல்லர். ஏன் இப்படி என்று கேட்டாருமல்லர்.

எழுதி வைக்க நேர்ந்த முதற் பெருஞ் சந்தர்ப்பம் ஒல்லாந்தர் காலத்திலே வாய்த்தது. யாழ்ப்பாணத்தாரின் வழக்குகளைத் தீர்ப்பதற்கு அவர்தம் வழமைகள் இன்னவையென அறிய வேண்டியிருந்தமையால், தேசாதிபதி கோர்ணேலிஸ் யோவான் சைமன்ஸ் என்பவரின் கட்டளைப்படி, இங்கே திசாவையாகப் பல்லாண்டு கடமையாற்றிய கிளாஸ் ஐசாக்ஸ் அவற்றைத் தொகுத்து 1707 இல் ஒப்படைத்தார். அது தமிழிலே பெயர்க்கப்பட்டு, பன்னிரண்டு முதலியார்களிடங் காட்டப்பட்டு, அவர்கள் சரியென ஏற்ற பின்னரே வழக்கிற்கு வந்தது. ஆங்கிலேயரும் 1806 ஆம் ஆண்டுப் பிரமாணத்தால் அதனை உறுதிப்படுத்தினர். அதுவே தேசவழமை.

நம் பெரியோர் பலர் தேசவழமையைக் காணி வழக்குக்குரிய சட்டப் புத்தகமாக மட்டுமே அறிவர். முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்னும் மூன்று சொல்லும் நொத்தாரிசு வீட்டுத் திண்ணையிலிருந்து நம் அடுப்படி வரையும் புழங்குபவை. ஆனால் அதனைச் சட்டமாக வையாது ஒரு சமுதாயத்தின் படமாக வைத்து வாசித்துப் பாருங்கள். இரண்டு செய்திகள் கண்ணிற் குத்தும்.

முதலாவது, சீதனம் பற்றியது. மகளுக்குச் சீதனங் கொடுக்கும் முறை ஆதிகாலந் தொட்டு ஒருபடித்தாய் நின்றதென்றே நாம் எண்ணியிருக்கிறோம். தேசவழமையின் தொடக்கமே அப்படிச் சொல்லவில்லை. முன்னே கணவன் கொண்டுவந்த முதுசொம் ஆண்மக்களையும், மனைவி கொண்டுவந்த சீதனம் பெண்மக்களையுஞ் சேர்ந்தன. அரசுகள் மாறி வந்தபடியால், சிறப்பாகப் பறங்கியர் காலத்திலே, அவ்வழமைகள் சிறிது சிறிதாய் மாறின என்று அது கூறுகின்றது. முந்நூறு ஆண்டுகளின் முன்னரே 'பண்டை வழமை' என்பது மாறிப்போன வழமையாக இருந்திருக்கின்றது! 1911 இல் வந்த யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைச் சட்டம் அதனை மீண்டும் மாற்றியது. 1947 இல் அச்சட்டமும் திருத்தம் பெற்றது. வழமை கல்லாய் நிற்பதில்லை என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

இரண்டாவது, நாம் வாசியாமல் தாண்டிப் போகும் பகுதி. தேசவழமையிலே அடிமைகளைப் பற்றிய விதிகளும் உள. இன்ன சாதியார் இன்னாருக்கு அடிமை, அவர் மக்கள் யாருக்கு உரியர், என்ன வேலை செய்யக் கடவர் என்றெல்லாம் அது காணி பூமியைப் பற்றிப் பேசுவது போலவே மனிதரைப் பற்றியும் பேசுகின்றது. இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் முற்றாக ஒழிந்தது 1844 இலே. நம் பாட்டனாரின் பாட்டனார் காலம் அது, நெடுந்தொலைவன்று. தேசவழமையிற் பெருமை கொள்வோர் இவ்விரண்டு பகுதியையுஞ் சேர்த்தே பெருமை கொள்ள வேண்டும், அல்லது இரண்டையுஞ் சேர்த்தே ஆராய வேண்டும். பாதியை எடுத்துப் பாதியை விடுதல் நீதியாகாது என்பது நம் எண்ணம்.

பின்வந்த காலத்திலும் நம்மவர் நம்மைப் பார்த்து எழுதாமலில்லை. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் 1872 இல் வெளியிட்ட 'யாழ்ப்பாணச் சமயநிலை' என்பதை வாசித்தவர்கள், கோயிலதிகாரிகள், குருமார், பிரபுக்கள் ஆகியோரை அவர் எவ்வளவு கூர்மையாகக் கவனித்திருந்தார் என்பதை அறிவர். அவர் நோக்கம் திருத்துதல், ஆராய்ச்சியன்று. ஆயினும் தம்மூரைத் தாமே நேராய் நோக்கும் துணிவு அதிலே இருக்கின்றது.

சேர். பொன்னம்பலம் அருணாசலத்தை இவ்விடத்திலே நினைந்துகொள்ளாமல் மேலே செல்ல முடியாது. மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்திற் பிறந்த அவர், பதிவாளர் நாயகமாக இருந்து 1901 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடாத்தி, அதற்கு எழுதிய நெடிய அறிக்கையிலே இந்நாட்டு மக்களின் இனம், மொழி, மதம், தொழில், பழக்கவழக்கம் யாவற்றையுந் தொகுத்து வைத்தார். இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று 1906 இல் இயக்கந் தொடங்கியவரும் அவரே. 1915 இற் சமூக சேவைக் கழகத்தை நிறுவியவரும் அவரே. குடிசனத்தை எண்ணியவர், பல்கலைக்கழகத்தைக் கேட்டவர், தொழிலாளர் குடிசைகளை நாடிச் சென்றவர் என்று இம்மூவரும் ஒரே மனிதராய் இருந்தமை தற்செயலாகுமா? சமூகவியல் என்னும் பாடம் இங்கே வருமுன்னரே அதன் வேலையிற் பாதியைச் செய்து முடித்த பெருமகன் அவர்.

அவர் கேட்ட பல்கலைக்கழகம் அவர் கண்மூடிய பின்பே வந்தது. 1921 இற் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம். அந்நாளிலே மேனாட்டிற் சமூகவியல் முதிர்ந்த துறையாய் இருந்தது. பிரான்சிலே கொம்ற் என்பவர் அதற்குப் பெயரிட்டு ஒரு நூற்றாண்டு கழிந்துவிட்டது. அமெரிக்காவிற் சிக்காகோப் பல்கலைக்கழகம் 1892 இலும், பாரதத்திற் பம்பாய்ப் பல்கலைக்கழகம் 1919 இலும் அதற்கெனத் துறை வகுத்திருந்தன. இலங்கையில் அது 1949 இலே தான் தொடங்கிற்று. அமெரிக்கரான பேராசிரியர் பிறைஸ் றயன் அதற்குத் தலைவராக வந்தார். 1952 இற் கலைப்பகுதி பேராதனைக்குப் பெயர்ந்தபோது சமூகவியலும் மகாவலி கங்கைக் கரைக்குப் போயிற்று.

இனித்தான் நாம் கவனிக்க வேண்டிய வேடிக்கை. றயன் 1953 இல் எழுதிய பெரும் நூலுக்கு 'தற்கால இலங்கையிற் சாதி' என்பது தலைப்பு. உள்ளே பேசப்படுவது சிங்களவரின் சாதியமைப்பு மட்டுமே. றால்வ் பீரிஸ் 1956 இல் எழுதிய அரிய நூல் கண்டி இராச்சிய காலத்துச் சிங்களச் சமுதாயத்தைப் பற்றியது. 1957 இற் சர்க்காரும் தம்பையாவும் சேர்ந்து வெளியிட்ட 'சிதைந்து வரும் கிராமம்' பாத்த தும்பறைக் கிராமங்களைப் பற்றியது. இவை மிக நல்ல நூல்கள். நிலம் துண்டுபட்டுக் குடியானவன் நொந்த கதையைக் கணக்கோடு காட்டியவை. ஆயினும் யாழ்தேவியில் ஏறிப் பேராதனைக்குப் போய் இப்பாடத்தை எடுத்த நம் மாணவன் கண்டிக் கிராமத்தின் குடும்ப முறையை ஒப்புவிக்கக் கற்றான். அமெரிக்க நகரத்துச் சேரிகளைப் பற்றிக் கற்றான். தன் வீட்டுக் கோடிப்புறத்திலே என்ன நடக்கின்றதென்று சொல்ல அவனிடம் ஒரு புத்தகமும் இருக்கவில்லை.

இங்கே பெயர் சொன்ன தம்பையா நம்மவர். ஸ்ரான்லி ஜெயராஜா தம்பையா 1929 இற் பிறந்து, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1951 இற் பட்டம் பெற்று, கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் 1954 இற் கலாநிதியாகித் திரும்பி வந்து நம் பல்கலைக்கழகத்திலே சமூகவியல் கற்பித்தவர். 1956 இலே மாணவரையும் அழைத்துக்கொண்டு கல்லோயாக் குடியேற்றத்துக்குக் கள ஆய்வுக்குப் போயிருந்தார். சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறிய நாட்கள் அவை. ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே அங்கு இனக்கலவரம் மூண்டது. குடியேறியோரின் வீட்டுக் கணக்கை எழுதப் போன பிள்ளைகள் சமுதாயம் தீப்பற்றி எரிவதைக் கண்ணாற் கண்டனர். வகுப்பறையிற் படித்த பாடமும் கண்முன் கண்ட பாடமும் இவ்வாறு மோதிக்கொண்ட நாள் வேறெந்தத் துறை மாணவருக்கும் வாய்த்திராது.

1960 இல் தம்பையா நாட்டைவிட்டுச் சென்றார். தாய்லாந்து மக்களின் பௌத்தத்தைப் பற்றி அவர் எழுதியவை உலகப் புகழ் பெற்றன. கேம்பிறிட்ஜ், சிக்காகோ, ஹாவாட் என்று பெரும் பீடங்களில் அமர்ந்தார். 1983 ஆம் ஆண்டுக் கொடுமைகளின் பின்னரே அவர் எழுதுகோல் மீண்டும் இலங்கைப் பக்கந் திரும்பியது. 1986 இல் இனப்பகை பற்றிய அவர் நூல் வெளிவந்தது. 2014 இல் மறைந்தார். தமிழராய்ப் பிறந்த இப்பேரறிஞர் கண்டிக் கிராமத்தைத் துருவினார், தாய்லாந்துக் கிராமத்தைத் துருவினார். யாழ்ப்பாணக் கிராமம் ஒன்றிலே அங்ஙனம் நெடுநாள் இருந்து ஒரு நூல் எழுதினாரல்லர். இதனைக் குறையாகச் சொல்லவில்லை. நம் கைக்கு வராமற் போன ஒன்றை நினைந்து ஏங்குகின்றோம், அவ்வளவே.

அஃதேல், யாழ்ப்பாணத்தை யார் படித்தனர்? கடல் கடந்து வந்தவர்கள் படித்தனர். கேம்பிறிட்ஜைச் சேர்ந்த மைக்கல் பாங்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1950களின் தொடக்கத்தில் வலிகாமத்திலே சிறுப்பிட்டியில் வந்து தங்கினார். உறவு, விவாகம், மரபுரிமை ஆகியவற்றைக் கேட்டறிந்து 1957 இல் ஆய்வேடு சமர்ப்பித்தார். அவருடைய கட்டுரையொன்று எட்மண்ட் லீச் தொகுத்த நூலில் 1960 இல் வெளிவந்தது. அதே நூலிலே கதலீன் கோவ் என்னும் அம்மையார் தஞ்சாவூர்க் கிராமம் ஒன்றைப் பற்றி எழுதியிருக்கின்றார். சோழமண்டலமும் யாழ்ப்பாணமும் ஒரே அட்டைக்குள் அடுத்தடுத்து இருப்பதைக் காண நமக்கு ஓர் உவகை. அவற்றை அங்கே இருத்தியவர் நம்மவரல்லர் என்பதில் ஒரு நாணம்.

பாங்ஸ் கண்ட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு சாதி என்று வெளியார் சொல்வது உள்ளே ஒன்றன்று என்பதை அவர் கண்டார். பெண் கொடுத்து எடுத்துப் பந்தியிற் சமமாய் இருக்கும் சிறு வட்டமே உண்மையான அலகு; அதற்கு அவர் வழங்கிய பெயர் நாம் நாள்தோறும் வாயாற் சொல்லும் 'சொந்தக்காரர்' என்பதே. நம் கலியாணப் பேச்சுக்காரர் ஒவ்வொருவருக்கும் இது தெரியும்! ஆயினும் தெரிந்ததை எடுத்து, பெயரிட்டு, நிலத்தோடும் சீதனத்தோடும் இணைத்து, இது இதனால் நிலைக்கின்றது என்று காட்ட ஒருவர் ஆறாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து கப்பலேறி வரவேண்டியிருந்தது.

அவருக்குப் பின்னர் அமெரிக்கர்கள் வந்தனர். கென்னத் டேவிட் என்பவர், குடிமைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட தொழிலாளருக்கும் அதற்கு உட்படாது தம் இட்டப்படி தொழில் செய்வோருக்கும் உள்ள வேற்றுமையை ஆராய்ந்தார். பிறையன் பவென்பேகர் 1982 இல் ஒரு நூல் எழுதினார்; 1990 இல், மாவிட்டபுரக் கோயிற் பிரவேசத்தைப் பற்றித் தனியே ஒரு கட்டுரையும் எழுதினார்.

மாவிட்டபுரம் என்றதும் நம் முதியோர் சிலர் முகந் திருப்புவர் என்று அறிவோம். 1968 இல் அக்கந்தசுவாமி கோயில் வாயிலிலே நிகழ்ந்ததை நேரிற் கண்டவர் இன்றும் நம்மிடையே உளர். 1957 ஆம் ஆண்டுச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்து பதினொரு ஆண்டு கழிந்த பின்னரும், சிறுபான்மைத் தமிழர் எனப்பட்ட நம் சகோதரர் உள்ளே சென்று வழிபட வேண்டிச் சத்தியாக்கிரகம் இருந்தனர். எதிரே நின்று தடுத்தோருக்குத் தலைமை தாங்கியவர், பல்கலைக்கழகத்தின் முன்னாட் கணிதப் பேராசிரியர் சுந்தரலிங்கம். வழக்கு இங்கிலாந்தின் கோமறைக் கழகம் வரை சென்றது. கணிதத்திற் பேரறிவாளர் ஒருவர், பாராளுமன்றத்திலே தமிழருக்காக முழங்கியவர், அந்த வாயிலில் அப்படி நின்றது எதனால்? அவரைத் திட்டிவிட்டுப் போவது எளிது. புகழ்வதும் சிலருக்கு எளிது. அவர் எந்த வழமையைக் காக்கின்றார் என்று எண்ணினார், அதனால் யாருக்கு எது நிலைத்தது, இழந்தவர் என்ன எண்ணினர் என்று பொறுமையாய்க் கேட்பதற்குத்தான் ஒரு படிப்பு வேண்டியிருக்கின்றது.

1960 இலே பல்கலைக்கழகக் கலைப்பாடங்கள் தமிழிலும் சிங்களத்திலும் கற்பிக்கப்படலாயின. ஆங்கிலம் அரைகுறையாய் வந்த கிராமத்துப் பிள்ளைகளுக்கு வாயில் திறந்தது. ஆனால் நூல்களெல்லாம் ஆங்கிலத்திலே இருந்தபடியால், விரிவுரைக் குறிப்பே வேதமாயிற்று. கலைச்சொற்களைப் பற்றிய மல்லுக்கட்டும் தொடங்கிற்று. ஒருவர் சமூகத்தில் நடிக்கும் பாத்திரத்தை 'வகிபாகம்' என்றனர். இன்றும் நம் மாணவர் அச்சொல்லைக் கேட்டு முதலாண்டிலே மிரள்வர். குலம், குடி, பகுதி, இனம், இனசனம், சொந்தக்காரர், ஆக்கள் என்று நுணுக்கமான சொற்கள் வீட்டிலே நிறையக் கிடக்க, மொழிபெயர்ப்புச் சொற்களால் அவற்றை மூடிவிட்டோமோ என்று நமக்கு ஓர் ஐயம். இதிற் பேராசிரியர்கள் நம்மோடு முரண்படக்கூடும்.

யாழ்ப்பாணத்திலேயே பல்கலைக்கழகம் வந்தது 1974 இல். ஐப்பசி ஆறாந் தேதி பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கா யாழ்ப்பாண வளாகத்தைத் திறந்து வைத்தார். 1979 இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வளாகம் அமைந்த திருநெல்வேலி மண், அருணாசலத்தின் தமையனார் சேர். பொன்னம்பலம் இராமநாதன் 1921 இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி மண். அவர் கட்டிய சிவன் கோயில் இன்றும் உள்ளே விளங்குகின்றது. சைவத்துக்கும் கல்விக்கும் அவர் செய்த தொண்டு மலையளவு. அதே இராமநாதனே, வயது வந்தோர் யாவர்க்கும் வாக்குரிமை வழங்கலாகாதென்று டொனமூர் ஆணைக்குழுவை எதிர்த்து வாதாடியவரும் ஆவார். அவர் வாக்குக் கொடுக்க விரும்பாத குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று அவர் எடுப்பித்த கட்டடங்களில் அமர்ந்து சமூக ஏற்றத்தாழ்வு என்னும் பாடத்தைக் குறிப்பெடுக்கின்றனர். காலம் இப்படி விளையாடுவதைக் கண்டு நாம் மகிழ்கின்றோம். இராமநாதர் மேல் நமக்குள்ள பக்தி அதனாற் குறையவுமில்லை.

வளாகத்தின் முதற் தலைவராக வந்தவர் பேராசிரியர் க. கைலாசபதி. இலக்கியத்தைச் சமுதாயத்தோடு பிணைத்தே பார்க்க வேண்டுமென்று விடாது சொன்னவர். 1982 இல் அவர் மறைந்தார். பேராசிரியர் கா. சிவத்தம்பியும் அவ்வழியே நின்று, யாழ்ப்பாணச் சமூகத்தை விளங்கிக்கொள்ளல் எவ்வாறு என்னும் வினாவைத் தமிழிலேயே எழுப்பி, தமிழிலேயே எழுதினார். இவர்கள் சமூகவியற்றுறையினர் அல்லராயினும், அத்துறை மாணவருக்கு ஊர்ப்பக்கம் வழிகாட்டியவர் இவர்களே.

சமூகவியற் பேராசிரியராயும் பின்னர் துணைவேந்தராயும் விளங்கிய என். சண்முகலிங்கன், தெல்லிப்பழைத் துர்க்கையம்மன் கோயிலின் வளர்ச்சியை ஆராய்ந்து 2002 இல் ஒரு நூல் வெளியிட்டார். இதனை நம் மன்றத்தார் ஒவ்வொருவரும் கருத்திற் கொள்ள வேண்டும். சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அவர்களின் தொண்டினால் அக்கோயில் எவ்வாறு பெருகிற்று, போரும் அச்சமும் சூழ்ந்த நாட்களில் மக்கள் அத்தாயிடம் எதை வேண்டிச் சென்றனர் என்பவற்றை ஆராய்வதனால் பக்தி குன்றியதா? நாம் அறிந்தவரை இல்லை. கோயிலைக் கும்பிடுவோரும் கோயிலை ஆராய்வோரும் ஒரே வீதியிலே நடக்கலாம் என்பதற்கு அது நம் கண்முன் உள்ள சாட்சி. இதற்கு முன், 1982 இலேயே, நம்மவரான பெரின்பநாயகம் என்னும் சமூகவியலறிஞர் அமெரிக்காவிலிருந்து, யாழ்ப்பாணத்தார் சாதகமும் கிரகபலனும் பார்க்கும் முறையைக் கொண்டே ஒரு நூல் எழுதினார். சாத்திரியார் வீட்டுக் குறிப்பேடும் ஆராய்ச்சிப் பொருளாகும் என்று யார் எண்ணினர்!

போர்க்காலத்தை விரித்துரைத்தல் நம் நோக்கமன்று. 1981 இல் யாழ். நூலகம் எரிந்தபோது 97,000 நூல்கள் சாம்பலாயின. 1995 ஐப்பசி 30 இல் வலிகாமத்து மக்கள் ஓரிரவிற் பெயர்ந்தனர். கிராமத்தை ஆராய வேண்டிய மாணவனுக்குக் கிராமமே இல்லாமற் போயிற்று. பல ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டுப் பற்றை மண்டிக் கிடந்தன. பாங்ஸ் எழுதிய சொந்தக்காரர் வட்டம் இன்று ரொறன்ரோவிலும் பாரிசிலும் ஒஸ்லோவிலும் சிதறிக் கிடக்கின்றது. ஆயினும் கலியாணப் பேச்சென்றால் தொலைபேசி வழியே அந்த வட்டம் மீண்டும் கூடிக்கொள்கின்றது. இதனை ஆராய நம் இளைஞரினும் தகுதியுடையார் யார்?

1990 ஐப்பசியில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஷரிகா திராணகம 2011 இல் எழுதிய நூல் தமிழரின் இடப்பெயர்வோடு அவர்களின் துயரையும் சேர்த்தே பேசுகின்றது. அவர்களும் நம் அயலவர். சோனகத் தெருவைப் பற்றி நாம் எழுதிய பக்கங்கள் எத்தனை என்று எண்ணினால் விரல்களே மிஞ்சும்.

இனி, "இந்தப் படிப்புக்கு என்ன வேலை கிடைக்கும்?" என்னும் வினா. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டுமென்று வளர்ந்தவர்கள் நாம்; மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்னும் மூன்றுக்கு அப்பால் நமக்குப் படிப்பில்லை. சமூகவியல் கற்றோர் ஆசிரியராயினர், நிருவாக சேவையிற் புகுந்தனர், அபிவிருத்தி உத்தியோகத்தராயினர். போரின்போதும் 2004 ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின்பும் உதவி நிறுவனங்கள் ஊர் அறிந்தவர்களைத் தேடியபோது பலர் அங்கே பணி பெற்றனர். வேலைக்காகக் காத்திருந்தவரும் உளர்; அதனை மறைக்கமாட்டோம். கலைப்பட்டம் பெற்ற பிள்ளை மூன்று நான்கு ஆண்டு வீட்டில் இருப்பதைக் காணும் தாய்க்கு நாம் கூறும் வரலாறு ஆறுதல் தராது.

முதியவரின் குற்றச்சாட்டு இன்னும் இருக்கின்றது. ஊரைப் பிரிக்கின்ற படிப்பா இது? வீட்டுக்குள் இருப்பதை வெளியே போடுகின்றான் என்னும் அச்சம் பொய்யன்று. ஒருவன் தன் ஊரைப் பற்றி எழுதினால் அதில் வருபவர்கள் அவனுடைய பெரியப்பா, மாமி, அயலட்டை; ஆங்கிலேயர் எழுதிவிட்டுக் கப்பலேறினார், இவனோ நாளை அதே கிணற்றடியில் முகங் கழுவ வேண்டும். ஆதலாற் பெயரை மறைத்தல், சொன்னவரிடம் கேட்டு எழுதுதல், ஒருவர் சொன்னதை மற்றவரிடம் காவாதிருத்தல் என்பன இத்துறையிற் கண்டிப்பாய்க் கற்பிக்கப்படுகின்றன. கோள் மூட்டுபவனுக்கு அந்தக் கட்டுப்பாடில்லை. அத்துடன், அந்த இளைஞர் கேட்ட கேள்வி ஊரைப் பிரித்ததா, முன்பே பிரிந்திருந்ததைக் கேட்டதா என்பதை முதியவரே தீர்த்துக்கொள்ளட்டும்.

தீர்த்துக்கொண்டார் போலும். தேர்த்திருவிழா முடிந்து நாலைந்து நாட் கழித்து அவர் இளைஞரின் வீட்டுப் படலையிலே வந்து நின்றார். கையிலே சீலையிற் சுற்றிய பழைய கணக்குக் கொப்பி. அவருடைய தகப்பனார் கோயில் மணியகாரராய் இருந்த காலத்துக் கணக்கு, ஓரம் செல்லரித்திருந்தது. அதிலே ஒரு பக்கத்தை விரித்து, எண்ணெய்க்குக் காசு கொடுத்தவர் பெயர்கள் நடுவே ஒரு பெயரைச் சுட்டிக்காட்டி, "இவையின்ர ஆக்களுக்கு அந்தக் காலத்திலை ஒரு விளக்குப் பூசை இருந்தது தம்பி. பிறகு விட்டுப்போச்சு. ஏன் விட்டதெண்டு எனக்கும் தெரியாது. நீ கேட்டுப் பார்" என்றார்.

இளைஞர் இப்போது அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கின்றார்.